கிறிஸ்துமஸுக்கு சோல், ஃபங்க் (கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய இசை வகைகள்) பாட்டு கேட்கும் பழக்கம் அமெரிக்காவில் எப்படி வந்தது? எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பனி, மணியோசை, கலைமான் வண்டி என்றே சுற்றிவந்த கிறிஸ்துமஸ் பாடல்களில் நகரத்துக் கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கைக்கு இடம் குறைவு. தேவாலயத்தில் பாடி வளர்ந்த சோல் பாடகர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். 1968 முக்கியமான வருடம். அட்கோ என்ற இசைத்தட்டு நிறுவனம் 'சோல் கிறிஸ்துமஸ்' பாடல் தொகுப்பை வெளியிட்டது. அதே வருடம் பாடகர் ஜேம்ஸ் பிரவுன், சாண்டாவை நேராக ஏழைகளின் குடியிருப்புக்குப் போகச் சொல்லிப் பாடினார். ஃபங்க் தாளம்தான், ஆனால் அந்த வேண்டுகோளில் விளையாட்டே இல்லை.

சரி, ஒரே ஒரு பாட்டு என்றால் டோனி ஹாத்தவேயின் 'திஸ் கிறிஸ்துமஸ்'. நடீன் மெக்கின்னருடன் சேர்ந்து எழுதி, 1970இல் சிகாகோவில் பதிவு செய்தார். ஆரம்பத்தில் பித்தளை வாத்தியங்கள் எழும்பும்போதே வீட்டுக்குள் விளக்கேற்றியது போல இருக்கும். வந்த புதிதில் அது பெரிதாக ஓடவில்லை. 1991இல் 'சோல் கிறிஸ்துமஸ்' மறுபதிப்பில் சேர்த்த பிறகுதான் பரவியது. இன்று பல கறுப்பின வீடுகளில் அது இல்லாமல் பண்டிகையே தொடங்காது.

அப்புறம் சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் 'மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி'. 1967 டிசம்பர் 10 விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 26. பாட்டு வெளிவந்தது அடுத்த வருடம். அந்த உற்சாகக் குரலை ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.