நாலடி டேங்க்ல எந்தெந்த ஆப்பிரிக்கன் சிக்லிட்டை ஒண்ணா விடலாம்?

யெல்லோ லேப், யெல்லோ டெயில் ஏசிஐ, ரஸ்டி. இந்த மூணு வகை போதும்ங்க, ஒவ்வொண்ணுலயும் ஆறு ஏழு. அவசரத்துல இருக்கீங்கன்னா இதோட நிறுத்திட்டு கடைக்குக் கெளம்பிடலாம், மீதி எல்லாம் ஏன் எதுக்குங்கற விளக்கம்தான்.

நீங்க கேட்டிருக்கறது 4 x 1.5 x 1.5 அடி டேங்க், அதுல கலர் கலரா பத்து வகை கலந்து விடணும், கடைக்காரர் அசார்ட்டட்ல (பல வகைக் குட்டிங்க கலந்து கெடக்கற தொட்டி) இருந்து எடுத்துக்கங்கன்னு சொல்றார், கூட ஒரு பேரட் ஃபிஷ்ஷும் வேணும். அந்த சைஸுக்கு கணக்குப்படி 255 லிட்டர் வரும், மண்ணு கல்லு போட்டு மேல கொஞ்சம் எடம் விட்டா கையில நிக்கறது 200 சொச்சம். நல்ல டேங்க்தான், ஆனா பத்து வகைக்கு இல்ல.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, ஆப்பிரிக்கன் சிக்லிட்ங்கறது ஒரே வகை மீன் இல்ல, சிக்லிட்ங்கற பெரிய மீன் குடும்பத்துல ஆப்பிரிக்காவுல இருக்கற எல்லாத்துக்கும் அந்தப் பேர்தான். நம்ம ஊர் கடைங்கள்ல அந்தப் பேர்ல இருக்கறது பெரும்பாலும் மலாவி ஏரி மீனுங்கதான். அந்த ஏரி கிட்டத்தட்ட 580 கிலோமீட்டர் நீளம், மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூணு நாட்டுக்கும் பொது. அதுக்குள்ளயே பாறை இடுக்குல வாழற எம்புனா தனி, மணல் பக்கம் திரியற பீகாக் தனி, திறந்த தண்ணில சின்ன மீனைப் பிடிச்சுத் திங்கற பெரிய ஹாப் தனி. எம்புனா பெரும்பாலும் பாறை மேல படிஞ்ச பாசியைச் சுரண்டித் திங்கற ஜாதி, அதனால குடல் நீளம். ஹாப்புக்குப் போடற கொழுப்பு அதிகமான தீனியை இதுக்கும் போட்டு வந்தீங்கன்னா வயிறு உப்பி, வெள்ளையா நூல் மாதிரி கழிஞ்சு, சாப்பாட்டைத் துப்ப ஆரம்பிக்கும், மலாவி ப்ளோட்னு சொல்றது இதைத்தான், அந்த அளவுக்குப் போயிட்டா காப்பாத்தறது கஷ்டம். குணத்துலயும் பீகாக் சாது, எம்புனா ரவுடி. ரெண்டையும் கலந்து விட்டா பீகாக் கலரெல்லாம் மங்கி மூலையில நிக்கும். அதனால எம்புனாவா பீகாக்கான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, மீன் பேரெல்லாம் அப்புறம்.

இப்ப அந்த அசார்ட்டட் தொட்டிக்கு வருவோம். சென்னை கொளத்தூர் மீன் கடைங்கள்ல ஆகட்டும் உங்க ஊர் கடையில ஆகட்டும் ஒன்றரை இஞ்ச் குட்டிங்க நூறு இருநூறு ஒரே தொட்டில நீந்தும், அதுல உங்க கண்ணு மொதல்ல போய் நிக்கறது பளிச்சுனு மஞ்சள் உடம்புல நீளவாக்குல கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட குட்டி மேலதான். அதுதான் ஆரேடஸ். அத்தனை குட்டிலயும் அதுதான் அழகு, அதை மறுக்க முடியாது, ஆனா வளர்ந்தா ஆண் மீன் மஞ்சள் எல்லாம் போய் கரு நிறத்துக்கு மாறி டேங்க் முழுக்க எனக்கேன்னு துரத்த ஆரம்பிக்கும், நாலடியில அதுக்கு ஈடு குடுக்கற மீன் ரொம்பக் கம்மி. பொட்டையும் சளைச்சதில்ல. அடுத்தது கெனி, குட்டில நல்ல நீலம், குறுக்குக் கோடு, வளர்ந்தா ஆண் மஞ்சளாயிடும், அதுவும் அதே அடிதடி. கடைக்காரர் மேல தப்பு சொல்லல, அவருக்கே பல குட்டி என்ன ஜாதின்னு தெரியாது, கலப்பு வேற நெறைய வருது. பேர் தெரியாத மீனை வாங்காதீங்க, அவ்வளவுதான். பேர் எழுதின தொட்டி, முடிஞ்சா தாய் மீனைக் காட்டற ப்ரீடர், அங்க வாங்குங்க, இருபது முப்பது ரூபா கூடப் போனா போகட்டும்.

நான் சொன்ன மூணு ஏன்னா, மூணுமே எம்புனால சாதுன்னு பேர் எடுத்தது, மூணும் பார்க்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. அது முக்கியம். எம்புனா ஆண் தன்னை மாதிரியே கலரும் கோடும் இருக்கறவனைத்தான் போட்டியா நெனச்சு மொதல்ல அடிக்கும். யெல்லோ லேப் மஞ்சள், ஏசிஐ ஊதா கலந்த நீலத்துல மஞ்சள் வால், ரஸ்டி செம்பும் கத்திரிப்பூவும் கலந்த மாதிரி ஒரு நிறம். யெல்லோ லேப் மலாவி ஏரில எல்லா எடத்துலயும் மஞ்சளா இருக்காது, மேற்குக் கரையில லயன்ஸ் கோவ் பக்கம் இருக்கற கூட்டம்தான் இந்த மஞ்சள், நம்ம வீட்டு டேங்க்ல இருக்கறதெல்லாம் அதோட வம்சம். ஏசிஐ கொஞ்சம் பெருசாகும், அஞ்சு இஞ்ச் தாண்டும், ஆனா கூட்டமா டேங்க்கோட மேல்பாதியில நீந்தும், மத்ததெல்லாம் கல்லுக்குள்ள கெடக்கறப்ப மேல காலியா தெரியாம நெறைக்கறது இதுதான். ரஸ்டி எல்லாக் கடையிலயும் கிடைக்காது, சொல்லி வெச்சு வாங்கணும். கிடைக்கலன்னா ரெண்டு வகையோட நிறுத்திக்கங்க, எடம் காலியா இருக்கேன்னு டெமசோனிங்கற இன்னொரு எம்புனாவைக் கொண்டு வந்து போட்டுடாதீங்க, அது மூணு இஞ்ச் மீன்தான், ஆனா தன் இனத்தையே ஒண்ணொண்ணா தீர்த்துக்கட்டும், பன்னெண்டுக்கு மேல கூட்டமா விட்டாத்தான் அடி பிரிஞ்சு போய் அடங்கும்.

ஒரு ஆணுக்கு மூணு பொட்டையாவது இருக்கணும். குட்டில பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது, யெல்லோ லேப்ல வளர்ந்தப்புறமும் குழப்பம்தான். அதனால வகைக்கு எட்டு குட்டியா வாங்கி வளர்த்து அடாவடி பண்ற ஆணை மட்டும் பிடிச்சுக் கடையில திருப்பிக் குடுக்கறதுதான் எல்லாரும் பண்றது.

என்னைக் கேட்டா இதைவிட அழகு சாலோசிங்கற எம்புனா மட்டும் போட்ட டேங்க். ஆண் கறுப்புக் கோடு போட்ட நீலம், பொட்டையும் குட்டியும் ஆரஞ்சு மஞ்சள், ஒரே ஜாதி, ரெண்டு கலர், கலப்புக் குட்டி பயமும் இல்ல. ஏரில இது சிசுமுலு தீவுப் பக்கம் தைவான் ரீஃப்ங்கற ஒரே ஒரு எடத்துல மட்டும் இருக்கற மீன். மூணு ஆண், பத்து பன்னெண்டு பொட்டைன்னு விட்டுப் பாருங்க. ஆனா இதோட யெல்லோ லேப் போடக்கூடாது, பொட்டை ரெண்டும் மஞ்சள்.

பீகாக்தான் வேணும்னா ஆண் மட்டும் எட்டு பத்து, ஒவ்வொண்ணும் வேற வேற கலரா, பொட்டை ஒண்ணுகூட இல்லாம விடுங்க. பொட்டை எல்லாம் சாம்பல் நிறம், எது எந்த ஜாதின்னே பிரிக்க முடியாது, ஒண்ணு உள்ள வந்தாலும் ஆணுங்க அடிச்சுக்கும். ரெண்டு இஞ்ச் கூட இல்லாத குட்டி முழுக் கலரோட ஜொலிச்சா ஹார்மோன் குடுத்திருக்கும்னு சந்தேகப்படுங்க, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல கலர் எறங்கிடும். வெனஸ்டஸ், லிவிங்ஸ்டோனி மாதிரி பெரிய ஹாப் பக்கம் போகாதீங்க, கடையில மூணு இஞ்ச் இருக்கும், அப்புறம் பத்து இஞ்ச் வரும்.

கல்லை மண்ணு மேல வைக்காதீங்க, அடிக் கண்ணாடி மேல நேரா வெச்சு (கீழ ஒரு மெல்லிசு தெர்மாகோல் போட்டுக்கலாம்) சுத்தி மணலைக் கொட்டுங்க. இதுங்க தோண்டற தோண்டலுக்கு மண்ணு மேல நிக்கற கல்லு சாஞ்சு கண்ணாடி மேல விழும். கல்லு பின்பக்கம் பாதி உயரத்துக்காவது வரணும், பொந்து மீன் எண்ணிக்கையைவிட ஜாஸ்தி இருக்கணும். மீனை எல்லாம் ஒரே நேரத்துல விடுங்க. அப்புறம் புதுசு சேர்த்தா அன்னிக்குக் கல்லைக் கலைச்சு மாத்தி அடுக்கிட்டு விடுங்க, பழசுங்களுக்கு யார் எடம் எதுன்னு தெரியாம போயிடும். விட்ட பிறகு பார்க்க வேண்டியது ஃபில்டர் பைப் பின்னாடி தண்ணி மட்டத்துல தலைய மேல தூக்கிட்டு நிக்கற மீனை. வால் கிழிஞ்சிருக்கும், தீனிக்கு வரும், ஆனா ஒரு வாய் எடுத்துட்டு மறுபடி அங்கயே போயிடும். அதை அன்னிக்கே தனியா எடுத்துடுங்க, நாளைக்குப் பார்ப்போம்னா மறுநாள் கரண்டில அள்ள வேண்டி வரும். தீனிக்கு வராம வாயை மூடி கன்னம் உப்பி மெல்லற மாதிரி ஆட்டிட்டு இருந்தா அது வேற விஷயம், பொட்டை வாய்ல முட்டை வெச்சிருக்கு, மூணு வாரம் பட்டினி கெடந்து குட்டியைத் துப்பும், தொந்தரவு பண்ணாதீங்க.

தண்ணி விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். மத்தவங்க திட்டற உப்பு போர் தண்ணி பல எடத்துல இதுங்களுக்குப் பிடிச்ச கடினத் தண்ணி, பிஹெச் 7.8ல இருந்து 8.5க்குள்ள நின்னா போதும், ஒரு கிட் வாங்கி ஒரு தடவை பார்த்துக்கங்க. ஆர்ஓ தண்ணி ஊத்தாதீங்க, பிஹெச்சை எறக்கற மரக்கட்டையும் வேண்டாம். கார்ப்பரேஷன் தண்ணின்னா ஆன்டி குளோரின் மறக்காதீங்க. ஒரு எச்சரிக்கை, அமோனியா பிஹெச் 7ல இருக்கறதைவிட 8க்கு மேல பத்து மடங்குக்கு மேல விஷம், இருபது மீன் போடற டேங்க்ல ஒரு சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டர் பத்தாது, மணிக்கு 1500 லிட்டராவது சுத்தற கேனிஸ்டரோ (டேங்க்குக்கு வெளிய வைக்கற ஃபில்டர்) டாப் ஃபில்டரோ வேணும், மீன் விடறதுக்கு முன்னாடியே சைக்கிள் (அமோனியாவைத் திங்கற பாக்டீரியா ஃபில்டர்ல வளர்றது) முடிஞ்சிருக்கணும், வாராவாரம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும். மே மாசம் தண்ணி 31, 32ன்னு போறப்ப ஆக்சிஜன் கொறையும், மூடியைத் திறந்து ஃபேன் காத்து படற மாதிரி வைங்க. கரண்ட் போற ஏரியான்னா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம்.

தீனி ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) பெல்லட், ரெண்டு வேளை, அரை நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு.

பேரட் ஃபிஷ் வேண்டாம்ங்க. அதோட வாய் முழுசா மூடாது, இந்தக் கூட்டத்தோட சண்டை போட்டு நிக்க முடியாது, அதோட மூதாதை அமெரிக்கப் பக்கத்து சிக்லிட். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் ரெண்டும் அந்த அமெரிக்கப் பக்கத்து வம்சம்தான், அதுவும் வேண்டாம். பாசி திங்க ஏதாவது வேணும்னா பிரிஸ்டில்நோஸ்ங்கற சின்ன பிளெக்கோ ஒண்ணு போதும், சாதாரண பிளெக்கோ ஒரு அடிக்கு வளரும்.