பழைய ஆம்னியில் ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லை, எல்இடி பல்ப் போடலாமா?

2006 மாடல் மாருதி ஆம்னி வேன், விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏற்றப் போகிறேன், எண்ணூர் விரைவுச் சாலையில் ஓரமாக நிற்கும் டிரெய்லர் பக்கத்தில் போனால்தான் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வடசென்னையில் எர்ணாவூரிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அதே நேரத்தில், அதே மாதிரி வண்டியில்தான் போகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பல்பை மாற்றாதீர்கள். பல்புக்கு எவ்வளவு வோல்ட் போகிறது என்று பாருங்கள். நம் வண்டியில் இருப்பது எச்4 ஹாலஜன், 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). இந்த வகை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் ரொம்பவே குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும். நான் முதல்முறை அளந்தபோது இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரியில் 14.0, பல்பில் 11.8. பாதி வழியிலேயே 2.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. எத்தனை பல்ப் மாற்றியும் அதே மஞ்சள் வெளிச்சம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

அளப்பது சுலபம். ஒரு சாதாரண மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், ஹோல்டரைக் கழற்ற வேண்டாம், பின்னாலிருந்து ஊசியைச் செருகுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ்ஸுக்கும் நடுவில் ஒரு அளவு, பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த்துக்கும் (பாடியோடு சேரும் மைனஸ் பக்கம்) நடுவில் ஒரு அளவு. எந்தப் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அந்தப் பக்கம் கோளாறு. பேட்டரியிலேயே 13.5 வரவில்லை என்றால் ஹெட்லைட்டை விட்டுவிட்டு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

நம் பக்கத்து வண்டிகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கடல் காற்று, அதோடு மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர். என் வண்டியில் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் துருப்பொடி உதிர்ந்தது, ஒயர் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. எமரி பேப்பர் போட்டு இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை தேய்த்து, ஒயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். பல்பில் 12.7 வந்தது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்துவிடுகிறேன்.

அப்புறம் ரிலே, அதாவது சின்னக் கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஒன்பது பத்து ஆம்பியர் கரண்ட், ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகவும் பழைய மெல்லிய ஒயர் வழியாகவும் போகிறது. அரை மணி நேரம் லைட் போட்டு ஓட்டிவிட்டு ஸ்விட்ச்சைத் தொட்டால் சூடு தெரியும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ப்யூஸ் போடுங்கள். பழைய ஸ்விட்ச் இனி ரிலேயை மட்டும் இயக்கும். செராமிக் ஹோல்டரோடு ரெடிமேட் கிட்டாக புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒன்று: ஜப்பான் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். லைட் போட்டு, ஹோல்டரைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடியில் மாட்டி, மூன்று பின்னையும் தொட்டுப் பாருங்கள். எர்த் என்று நினைக்கும் பின்னில் லேம்ப் எரிந்தால் சாதாரண கிட் வேலை செய்யாது, அதற்கேற்ற கிட் கேட்டு வாங்க வேண்டும். ரிலே போட்ட பிறகு எனக்கு பல்பில் 13.5. முதலில் இருந்த வெளிச்சம் இதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

100/90 வாட் பல்ப் போடச் சொல்வார்கள். ரிலேக்கு முன்னால் நானும் போட்டேன், ஒரு மாதத்தில் ஹோல்டர் உருகி, மணலி போகும் வழியில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்து ஓரங்கட்டினேன். ஒயரும் ரிஃப்ளெக்டரும் (பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம்) அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை இல்லை. வேண்டவே வேண்டாம்.

எல்இடி பற்றித்தானே கேட்டீர்கள். எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் படாமல் தடுப்பது அதுதான். இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் வடிவமைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறும். பம்பருக்கு முன்னால் பத்தடி வெள்ளை வெளேரென்று இருக்கும், அந்தப் பளபளப்பில் நம் கண் சுருங்கி தூரத்தில் நிற்கும் டிரெய்லர் இன்னும் இருட்டாகிவிடும். நம் ரோட்டில் அந்நேரத்துக்கு சைக்கிளில் வலைக்காரர்கள் வருகிறார்கள், கூடையோடு பெண்கள் நடந்து வருகிறார்கள், அவர்கள் கண்ணைக் கட்டுகிற காரியத்தை நாம் செய்யக் கூடாது.

ரிஃப்ளெக்டர் உள்ளே மங்கியிருந்தால் துணி விட்டுத் துடைக்காதீர்கள், பளபளப்பான பூச்சு கையோடு வந்துவிடும். கறுத்துவிட்டால் லைட்டையே மாற்றுவதுதான் வழி. புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது.

கடைசியாக, லைட்டின் குறி. சமதரையில் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். வெறும் வண்டியில் இதைச் செய்தால் மீன் பெட்டி ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கி லைட் வானத்தைப் பார்க்கும். ஆகவே நீங்கள் வழக்கமாக இருட்டில் எவ்வளவு பாரத்தோடு ஓட்டுகிறீர்களோ அதை ஏற்றிவிட்டே திருகைத் திருப்புங்கள், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

இன்று ராத்திரி மீட்டர் வைத்துப் பாருங்கள். வந்த அளவை இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கம் கோளாறு என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.