உலையில் வெளுத்த கண்ணாடி கெட்டதா?

திருமங்கலத்திலிருந்து ஓர் எம்.எஸ்ஸி. மாணவி கேட்கிறார்: "அணுக்கழிவைச் சிறைவைக்கும் போரோசிலிகேட் (போரான் கலந்த) கண்ணாடியை, கதிரியக்கம் இல்லாத மாற்றுப் பொருட்களைக் கொண்டு மதுரையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உருக்கினேன். சோடாவும் அலுமினாவும் (சோடியம், அலுமினியம் ஆக்சைடுகள்) தாராளம். ஊற்றியதும் தெளிவாக இருந்தது. 700 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்ததும் பால்போல வெளுத்துவிட்டது. படிகம் வந்தால் தண்ணீர் அரித்துவிடும் என்கிறார் சார். தூக்கிப் போடவா?"

வேண்டாம். உங்கள் புராஜெக்ட்டின் உயிரே அந்த வெளுப்பில்தான் இருக்கிறது.

தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் அணுக்கழிவு ஆலைகளில் உருகிய கண்ணாடியை எஃகுக் கலனில் ஊற்றுகிறார்கள். ஓரம் சீக்கிரம் ஆறிவிடும்; நடுப்பகுதிக்கு வெகுநேரம் ஆகும். சர்க்கரைப் பாகு மெல்ல ஆறும்போது பூத்துப்போவதில்லையா, அதே கதைதான். ஏறத்தாழ 900லிருந்து 600 டிகிரி வரை இறங்கும் வழியில்தான் படிகம் வளரும்.

ஆனால் எந்தப் படிகம்? இரும்பு, குரோமியம், நிக்கல் சேர்ந்த ஸ்பைனல் என்றால் கண்ணாடியின் உறுதி அதிகம் குறையாது. (உருக்கும் உலையின் அடியில் படிந்து தொல்லை தரும், அது வேறு தலைவலி.) நெஃபலின்தான் வில்லன். ஒரு சோடியத்தோடு ஓர் அலுமினியத்தையும் ஒரு சிலிக்கானையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடியின் அணு வலையைத் தாங்கிய அலுமினியமும் சிலிக்கானும் போனபின் மிஞ்சுவது போரான் மிகுந்த, தண்ணீருக்கு எளிதில் இளகும் கண்ணாடி. உங்கள் கலவையைப் பார்த்தால் எனக்கு இதன் மீதுதான் சந்தேகம்.

எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையில் படிகத்தைக் காட்டும் கூரிய முகடே வராவிட்டாலும் நிம்மதி வேண்டாம். படிகமாகாமலே கண்ணாடி இரண்டாகப் பிரிந்தாலும் வெளுக்கும். அதில் சோடியம் போரேட் மிகுந்த பகுதி தனியே கரைந்துவிடும்.

அப்புறம் சோதனை. தெளிந்த துண்டு, வெளுத்த துண்டு இரண்டையும் 75 முதல் 150 மைக்ரான் அளவுக்கு இடித்துச் சலித்து, ஒட்டிய தூளைக் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீரில் போட்டு 90 டிகிரியில் 7 நாள் வைத்து, நீரில் வந்த போரானை அளங்கள். பாத்திரம் டெஃப்லானோ எஃகோ இருக்கட்டும். ஆய்வகக் கண்ணாடிக் குடுவையும் போரோசிலிகேட்தான்; அதுவே போரானைக் கசியவிட்டு உங்கள் கணக்கைக் குழப்பும்.

மூன்றாவதாக, மெதுவாகப் படிப்படியாக ஆறவிட்ட துண்டு ஒன்றும் வேண்டும். கலனின் நடுப்பகுதிக்கு நெருக்கமான மாதிரி அதுதான். நடுவில் கரண்ட் போனால் மட்டும் அதைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் தொடங்குங்கள்.