311-இல் தொடங்கிய வகுத்தல்

கேள்வி: கைப்பேசி விளையாட்டு ஒன்றில் என் மகனின் மதிப்பெண் 2147483647-ஐத் தொட்டதும் அதற்கு மேல் ஏறவில்லை. அது பகா எண் என்றும், கணினி இல்லாத காலத்திலேயே அதை நிரூபித்துவிட்டார்கள் என்றும் அறிந்தேன். பத்து இலக்க எண்ணைக் கையால் எப்படிச் சோதித்தார்கள்? மதிப்பெண் நின்றுபோனதற்கு அது பகா எண்ணாக இருப்பதுதான் காரணமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டின் 31-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இலேயே இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். ஆனால் 67, 257 ஆகிய அடுக்குகளையும் அவர் தவறாகச் சேர்த்திருந்ததால், அந்தப் பட்டியலைச் சான்றாகக் கொள்வதற்கில்லை. நிரூபித்தவர் கணித மேதை லியோனார்ட் ஆய்லர். 1772-இல், கண்பார்வை ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டிருந்த நிலையில், கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தெரிவித்தார்.

இது பகு எண்ணாக இருந்தால், 46,340-க்கு மேற்படாத பகாக் காரணி ஒன்றாவது இதற்கு இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் பகா எண்கள் ஏறக்குறைய 4,800 உள்ளன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது வீண்வேலை என்பதை ஆய்லர் அறிவார். இரண்டின் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 23 × 89. இரண்டு காரணிகளையும் அடுக்கின் இருமடங்கான 22-ஆல் வகுத்தால் மீதி 1. எட்டால் வகுத்தால் மீதி 7 அல்லது 1. இது தற்செயல் அன்று. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும்போதெல்லாம் இந்த இரு நிபந்தனைகளும் பொருந்தும். அடுக்கு 31 என்றால், காரணியை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். எட்டின் நிபந்தனையையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வர வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் சுமார் 370 மட்டுமே. அவற்றிலும் 63, 249 போன்ற பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிஞ்சுவனவற்றுள் முதலாவது 311. வகுத்துப் பாருங்கள்: ஈவு 6905092, மீதி 35. இப்படியே 46,340 வரை சென்றாலும் எதுவும் மீதியின்றி வகுப்பதில்லை. பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் சில நாள்களில் முடிந்துவிடும் வேலை.

மதிப்பெண் நின்றதற்கும் பகாத் தன்மைக்கும் தொடர்பில்லை. இத்தகைய விளையாட்டுகள் மதிப்பெண்ணை 32 பிட்டுகளில் (0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் இடங்களில்) சேமிக்கின்றன. அவற்றில் ஒன்றைக் குறிக்காக (கூட்டலா, கழித்தலா என்பதற்காக) ஒதுக்கிவிட்டு, மற்ற 31 பிட்டுகளிலும் ஒன்றை நிரப்பினால் வரும் உச்ச மதிப்பு இது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இதே முறையில் எண்ணிவரும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று இதே சுவரில்தான் முட்டும். 16 பிட்டுகளின் எல்லையான 32767-ஐயும், 64 பிட்டுகளின் எல்லையான இரண்டின் 63-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணையும் ஏழால் மீதியின்றி வகுத்துவிடலாம். இடையில் நிற்கும் 32 பிட்டின் எல்லைதான் பகா எண்ணாக வாய்த்திருக்கிறது.