டிஸ்லெக்சியா உள்ள மகளைப் பொறியியல் படிக்க வைக்கலாமா? கல்லூரியில் உதவி கிடைக்குமா?

தாராளமாகப் படிக்க வைக்கலாம். ப்ளஸ் டூ படிக்கும் மகள் என்கிறீர்கள். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள என் தம்பி இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு.

நாங்கள் தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பள்ளியில் தமிழ் வழி, கூடவே மலையாளம், ஆங்கிலம். அவன் எழுத்துகளை மாற்றிப் போடும்போதெல்லாம் "மூணு பாஷை படிக்கிற பிள்ளை, குழம்பத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டார்கள். எல்லையோரப் பிள்ளைகளிடம் டிஸ்லெக்சியா இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது. வெறும் பாஷைக் குழப்பம் என்றால் வீட்டில் பேசும் தமிழையாவது தடையில்லாமல் வாசிக்க வேண்டுமே? அவனுக்குத் தமிழ்ப் பாடமும் அதே திண்டாட்டம்தான். உங்கள் மகளைத் தமிழிலும் வாசிக்க வைத்துப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எழுதுவதில் தடை இருந்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், வாளையாறு எல்லை தாண்டிக் கோவையில் சேர்ந்தாலும் அதே அட்டைதான். சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஏடிஎச்டி, அதாவது கவனம் சிதறும், துறுதுறுப்பு மிகும் நிலை, தனியாக இல்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சீட்டும் கூடுதல் நேரமும் மட்டும் போதாது. எலக்ட்ரிக்கல் லேபில் மற்றவர்கள் மேனுவலைப் படித்து முடிப்பதற்குள் தம்பி ஒயர் எல்லாம் இணைத்துவிடுவான். மீட்டரில் 0.56 காட்டும், ரெக்கார்டு நோட்டில் 0.65 என்று எழுதுவான். கணக்கு முழுக்கத் தப்பாகும். அந்த லேப் மேடம், மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், ரெக்கார்டைத் திருத்துவதற்கு முன் வைவா, அதாவது வாய்மொழியாகக் கேள்வி, கேட்டார். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அப்போதுதான் வெளியே வந்தது. இதற்குக் கல்லூரிக்கு ஒரு பைசா செலவில்லை.

இதைத் துறை அளவிலேயே செய்ய முடியும். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக சிவில் பொறியியல் துறைக்கு 2019இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கொடுத்தது, டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி, ஆட்டிசம் உள்ளவர்களின் திறமை வெளிப்படும்படி பாடங்களையே மாற்றி அமைக்க. அதை முன்னெடுத்த பேராசிரியர் அராஷ் ஜாகி, தனக்கு ஏடிஎச்டி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். அதே அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. நம்மூர்க் கல்லூரிகளும் இந்த வழிக்கு வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

நீங்கள் கல்லூரி பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் விவரத்தோடு திரும்பிவிடாதீர்கள். துறைத்தலைவரைப் பாருங்கள். இன்டர்னல் தேர்வுக்கும் கூடுதல் நேரம் உண்டா, ரெக்கார்டை டைப் செய்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் எழுத்தில் வாங்குங்கள். மகளையே கேட்கவிட்டால் இன்னும் நல்லது, சேர்ந்த பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் புது ஆசிரியர்களிடம் அவள்தான் கேட்க வேண்டியிருக்கும்.