டீசல் ஃபில்டரும் பில் இல்லாத கடையும்: வாசகர் கேள்விகள்

பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வண்டிக்காரர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பெரும்பாலும் டீசல் ஃபில்டர். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைகளின் பெயர்களை எடுத்துவிட்டேன், திட்டுகளையும்தான்.

கேள்வி: பழைய ஆறு சக்கர லாரி. டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. கைப்பம்பை அடித்தால் எடுக்கிறது, அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. கலாசிபாளையத்தில் மெக்கானிக் ஃபில்டர் அசெம்பிளியையே, அதாவது தலைப்பகுதியோடு மொத்த செட்டையே, மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (லாரி உரிமையாளர், ஸ்ரீராமபுரம்)

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபில்டர் மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மாற்றியவர் கைபட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராத்திரி வண்டி நிற்கும்போது எங்கோ காற்று புகுகிறது, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடித்தால் பம்புக்குக் காற்றுதான் போகும்.

ஃபில்டரைக் கழற்றி, அது உட்காரும் தலைப்பகுதியை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ரிங்கோடு புது ஃபில்டரை முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கருப்பு மேல் கருப்பு, அழுக்கில் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அடுத்து, டீசல் பைப்புகளை இணைக்கும் யூனியன் போல்ட்டுகளின் காப்பர் வாஷர். ஒரு தடவை நசுங்கிய வாஷரையே திரும்பப் போட்டால் அது சரியாக அடைக்காது. நான்கு வாஷரும் சேர்த்து ஒரு டீ, வடை விலைதான் இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனில் நேராக விட்டு, ராத்திரி அப்படியே நிறுத்துங்கள். காலையில் ஒரே அடியில் எடுத்தால் கோளாறு டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பிலோ, வழியில் தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரிலோ இருக்கிறது. எடுக்காவிட்டால் அதைத் தாண்டித் தேட வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் 'எங்கேயும் லீக் இல்லையே சார்' என்று மெக்கானிக் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கைப்பம்பின் வால்வு பிடிக்காமல் போனாலும் இதே தொல்லை வரும். அப்போதும் பம்பை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. இந்த ஊரில் மிக்ஸி ஜாருக்கு ரப்பர் கேட்டால் ஜாரையே எடுத்து வைக்கிறார்கள், குழாய்க்கு வாஷர் கேட்டால் குழாயை. லாரிக்கு அதுவே 'அசெம்பிளி' ஆகிவிட்டது. செட்டாக மாற்றினால் கடைக்கு நல்ல வியாபாரம், மெக்கானிக்குக் கமிஷன், தேடுகிற வேலையும் மிச்சம். அதற்குப் பணம் கட்டுகிறவர் நீங்கள். கொடுமை என்னவென்றால், புது அசெம்பிளியோடு புது வாஷரும் வந்துவிடுவதால் வண்டி சரியாகிவிடும். அப்புறம் 'பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?' என்பார். ஐம்பது ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரங்களில் முடிந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். தலைப்பகுதியில் விரிசல், மரை போனது, தாங்கும் கால் உடைந்தது, தனியாகக் கிடைக்காத வால்வு உள்ளேயே கெட்டது: இந்த நான்கில் ஒன்றைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மாற்றுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபில்டரை டீசலில் கழுவி, ஏர் அடித்து, இன்னொரு ட்ரிப் ஓட்டலாமா? (ஓட்டுநர், யஷ்வந்தபுரம்)

பதில்: கூடாது. காகிதம் கிழிந்தால் வெளியிலிருந்து தெரியாது.

கேள்வி: என் வண்டி பிஎஸ்6. நண்பரின் பழைய வண்டி ஃபில்டர் அதே மரை, அதே உயரம், விலை பாதி. போடலாமா? அதோடு, மாட்டும்போது புது ஃபில்டரில் டீசல் நிரப்பித்தான் மாட்ட வேண்டும் என்கிறார்களே? (சரக்கு வேன் உரிமையாளர், பீன்யா)

பதில்: மரை பொருந்துவதால் மட்டும் ஃபில்டர் பொருந்திவிடாது. உங்களுடையதைப் போன்ற காமன் ரெயில் வண்டியில் டீசல் 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் போகிறது. அங்கே நான்கைந்து மைக்ரான் துகளே அரித்துவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கான ஃபில்டர் விடுகிற தூசு அந்த வண்டியின் பம்புக்குப் பெரிதாக உறைக்காது, உங்கள் வண்டிக்கு உறைக்கும். பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

டீசல் நிரப்புவது: மெயின் ஃபில்டரில் கேனிலிருந்து ஊற்றாதீர்கள். நடு ஓட்டையில் ஊற்றுவது ஃபில்டர் ஆகாமலே இன்ஜெக்டருக்குப் போகும். ரிங்கில் மட்டும் டீசலைத் தடவி, காலியாக மாட்டி, கைப்பம்பு கெட்டியாகிற வரை அடித்து ஏர் எடுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் இருந்தால் சாவியை ஆன் பண்ணி விட்டால் போதும். கை வலிக்கும் என்று செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரியும் போகும், செல்ஃபும் போகும்.

கேள்வி: ஆன்லைனில் 'ஒரிஜினல்' ஃபில்டர் பாதி விலைக்குக் கிடைத்தது. பில் வரவில்லை, டப்பாவில் எம்ஆர்பி இல்லை. ஒரு மாதத்தில் புல்லிங் போய்விட்டது, சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு நின்றுவிட்டேன். என்ன செய்யலாம்? (கே.ஆர். புரம்)

பதில்: பில் இல்லை, எம்ஆர்பி இல்லை, விலை பாதி. இதற்கு மேல் டப்பாவே வாய் திறந்து சொல்ல வேண்டுமா? பொட்டலமிட்ட பொருளில் தயாரிப்பாளர் பெயர், மாதம், வருடம், அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-இன் எடையளவு விதிகள் சொல்கின்றன. பணம் கட்டிய ரசீது, ஆர்டர் விவரம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான். பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள். பாதி விலை என்றதும் நானும் ஒரு இன்வர்ட்டர் பேட்டரி வாங்கியவன்தான். அது இன்று எங்கள் மாடிப்படிக்கடியில் செருப்பு ஸ்டாண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சொந்த லாரி, நானே ஓட்டுகிறேன். ஜே.சி. ரோட்டில் பில்லோடு ஃபில்டர் வாங்கினேன். பத்து நாளில் உள்ளே காகிதம் பிரிந்து இரண்டு இன்ஜெக்டர் போய்விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறது' என்று கடைக்காரர் விரட்டுகிறார். வண்டி நிற்கிறது, தவணை நிற்கவில்லை. (அல்சூர்)

பதில்: ஐயா, நீங்கள் செய்ததெல்லாம் சரி. அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே 2019 நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பத்து நாள்தான் ஆகிறது, இன்றே எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில்.

'லாரி வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை' என்று வாதிடுவார்கள். 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உதாரணமே காட்டியிருக்கிறது. நாலைந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இந்த வழி கடினம், உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

ஃபில்டரை உள்ளே இருக்கும் டீசலோடு, துடைக்காமல், கவரில் போட்டு மூடி வையுங்கள். டப்பாவையும் எறியாதீர்கள். பழைய இன்ஜெக்டர்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. என்ன பழுது, எதனால் என்று டீசல் பம்ப், இன்ஜெக்டர் ரிப்பேர் கடையில் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். ஃபில்டர் விலையோடு நிற்காமல் இன்ஜெக்டர் செலவையும், வண்டி நின்ற நாட்களின் வாடகையையும் ட்ரிப் ஷீட்டோடு கேளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் ஒரு பங்க்கில் டேங்க் நிரப்பினேன். சிறிது தூரத்தில், டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது. மெக்கானிக் சென்சார் கோளாறு என்று ஒயரைக் கட் பண்ணிவிட்டார். இப்போது வண்டி நின்றுவிட்டது. பங்க் மேல் கேஸ் போடலாமா? (மடிவாளா)

பதில்: முதலில் அந்த மெக்கானிக்கைக் கேளுங்கள். விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தி, செப்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்திருந்தால், தண்ணீர் கீழும் டீசல் மேலுமாகக் கண்ணெதிரே நின்றிருக்கும். சென்சார் சொன்னது பொய்யா மெய்யா என்று அங்கேயே தெரிந்திருக்கும். ஒயரை வெட்டிவிட்டு ஓட்டியதற்குப் பங்க் பொறுப்பாகாது. சொல்ல எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிலைமை.

இனி செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள். டேங்க் அடியில் இருக்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்து, பில்லோடு பங்க்கின் புகார்ப் புத்தகத்திலும், அங்கே எழுதிப் போட்டிருக்கும் எண்ணெய் நிறுவன எண்ணிலும் புகார் சொல்லுங்கள். அடர்த்தியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அது கலப்படத்துக்கான சோதனை. அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க, டிப் ராடில் (ஆழம் பார்க்கும் கம்பியில்) தண்ணீரைக் காட்டும் பேஸ்ட் தடவி அவர்கள் டேங்கில் விடச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டால் பேஸ்ட் நிறம் மாறும்.

கேள்வி: எங்கள் லாரி ஸ்டாண்டில் ஒருவர் ஒரிஜினல் ஃபில்டரின் காலி டப்பாவைப் பத்து இருபது ரூபாய்க்கு வாங்கிப் போகிறார். கொடுக்கலாமா? (கிளீனர், நாயண்டஹள்ளி)

பதில்: தம்பி, கிழித்துப் போடு. ஹோலோகிராம் இருக்கும் பக்கத்தை முதலில் கிழி.