ஈறில் ரத்தம் வருகிறது, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. ஈறு நோய்க் கிருமியால்தான் மாரடைப்பு வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா? பல்லைச் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னால், "அப்புறம் பல் ஆட ஆரம்பித்துவிடும்" என்கிறார் அப்பா.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

ஈறு நோய் மருத்துவரின் பதில்: தொடர்பு உண்மை. ஆனால் 'கிருமியால்தான்' என்பது அதிகப்படி.

1989-ல் பின்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களின் வாயையும் வராதவர்களின் வாயையும் பரிசோதித்தார்கள். வந்தவர்களின் வாய்தான் மோசமாக இருந்தது. பிறகு, ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பிலேயே 'போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' என்ற ஈறு நோய்க் கிருமியின் மரபணு கிடைத்தது.

அது அங்கே எப்படிப் போகிறது? பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கம்பியை விட்டு ஆழம் பார்ப்பேன். நல்ல ஈறில் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். உங்கள் அப்பாவைப் போல நாள்பட்ட சர்க்கரை உள்ள பலருக்கு ஆறு, ஏழு வரை வழுக்கிக்கொண்டு போகும். கம்பியை எடுத்ததுமே ரத்தம் கசியும். உள்ளே வேரில் கறுப்பாகக் காறை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, ஒட்டியிருக்கும். அந்த ஈறோடு மென்றாலே போதும், கிருமிகள் ரத்தத்தில் கலந்துவிடும். ஈறில் ஓயாத அழற்சியும் உடம்பு முழுவதையும் தொடும்.

புகையும் சர்க்கரையும் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். அதனால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கஷ்டம். அமெரிக்க இதய சங்கம் 2012-ல் ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறுக்கு வைத்தியம் செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2007-ல் லண்டனில் கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் ரத்தக்குழாய் விரியும் தன்மை குறைந்தது. ஆறு மாதத்தில் நன்றாகத் தேறியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மாரடைப்பு குறைந்ததா என்று அதில் பார்க்கவில்லை. ஆகவே, இதயத்தைக் காப்பாற்றும் என்று சொல்லி யாராவது ஸ்கேலிங் (காறையைச் சுரண்டி எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்வது) விற்றால் நம்பாதீர்கள்.

அப்பாவுக்கு ஸ்கேலிங் தேவைதான், ஈறுக்காகவும் சர்க்கரைக்காகவும். ஈறு ஆறினால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் (HbA1c) கொஞ்சம் இறங்கும். அவர் பயத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காறைதான் ஆட்டம் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஆனால் அந்தக் காறையை விட்டுவைத்தால் மிச்ச எலும்பும் போய்விடும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போவதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது; ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தியே நிறுத்திவிடுவோம். ஸ்டென்டுக்காக மட்டும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவையில்லை. இதயத்தில் செயற்கை வால்வு இருந்தால் தேவை.

சுத்தம் செய்த பிறகு பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டிப் பிரஷ் எந்த அளவு என்று கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும். அதற்காகத் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் போய், அந்த ஆழத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.